மாண்ட்ரியலுக்குப் போகும் பிள்ளைகள் பிரெஞ்சு கற்றுப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடிப் பகுதிகளிலிருந்து கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகளிடம், அது இருமொழி நகரம், ஆங்கிலம் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். என் மகளுக்கும் இங்குள்ள ஒரு கல்வி ஆலோசனை நிலையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். சென்ற ஆண்டு பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தேன். அதன் பிறகு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

கடைக்குப் போகலாம், மெட்ரோவில் ஏறலாம், ஆங்கிலவழிப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் வாங்கலாம். இதற்கெல்லாம் ஆங்கிலம் போதும் என்பது உண்மையே. ஆனால் அந்நகரம் நடைமுறையில்தான் இருமொழி பேசுகிறதே தவிர, அது அமைந்திருக்கும் கியூபெக் மாகாணத்துக்குப் பிரெஞ்சு ஒன்றே ஆட்சிமொழி. 1977-இல் இயற்றப்பட்ட மொழிச் சட்டத்தின்படி, குடியேறி வருவோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பொதுவாகப் பிரெஞ்சு வழியில்தான் படிக்க வேண்டும். 2022-இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, குடியேறி ஆறு மாதம் கடந்தவர்களுடன் அரசு அலுவலகங்கள் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும் என்றாகிவிட்டது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பேரன் படிக்கும் மழலையர் வகுப்பில் ஒரு மாலை பெற்றோரை அழைத்திருந்தார்கள். நானும் உடன் போனேன். ஆசிரியை அன்பானவர், தமக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் தொடங்கினார், அது போதாமல் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார். மகளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. கடைசியில், விளையாடும்போது மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான் என்று தன்மேல் சொல்லப்பட்ட குறையை, ஐந்து வயதுப் பிள்ளையே தலையைக் குனிந்தபடி தாய்க்குத் தமிழில் சொன்னான். அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. பட்டமேற்படிப்பு முடித்து, நல்ல வேலையில் இருக்கும் பெண், வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் பக்கத்து வீட்டாரிடமோ கைப்பேசியிடமோ காட்டி அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறது. எண்கள்கூட எளிதல்ல: 97 என்பதை அவர்கள் ‘நான்கு இருபது, பத்து, ஏழு’ என்று அடுக்கிச் சொல்வதால், தொலைபேசியில் யாராவது எண் சொன்னால் அவளால் எழுதிக்கொள்ள முடிவதில்லை.

இதற்காக அந்த மக்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. வட அமெரிக்கா முழுவதும் ஆங்கிலம் சூழ்ந்திருக்க, தங்கள் மொழி கரைந்துபோகும் என்று அவர்கள் அஞ்சுவது, 1965-ஐக் கண்ட தமிழ்நாட்டுக்காரர்களாகிய நமக்குப் புரியாத அச்சம் அல்ல. நம் ஊரையே பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன; ஆட்டோ ஓட்டுநர்கள் நாலு வார்த்தை வங்காளமும் இந்தியும் பேசி நோயாளிகளை விடுதியில் கொண்டுவிடுகிறார்கள். வைத்தியத்துக்கு வந்து ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு நாம் செய்யும் உபசாரம் அது. அதே குடும்பம் இங்கேயே வீடெடுத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டால், தமிழ் தெரியாமல் அவர்கள் எத்தனை இடத்தில் ஒதுங்கி நிற்க நேரிடும் என்பதும் நமக்குத் தெரியும். விருந்தாளிக்குப் போதுமானது குடியிருப்பவருக்குப் போதாது.

கோத்-தெ-நேஜ் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடை ஒன்றில், எண்பதுகளில் அகதியாக வந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். ஊரில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். வாடிக்கையாளர்களிடம் தட்டுத் தடங்கலின்றிப் பிரெஞ்சு பேசுகிறார். வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டேன் பிள்ளை என்றார். என் மகளுக்கு ஆங்கிலம் என்ற மாற்று வழி இருந்ததே தடையாகிவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது.

கியூபெக் அரசு இலவசமாகவே பிரெஞ்சு வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சிறு பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பனிக்காலத்து மாலையில் வகுப்புக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணால் கண்டேன். மகள் இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் நிறுத்தினாள். ஆகவே புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே, வேளாவேளைக்குச் சோறு போட வீட்டில் ஆள் இருக்கும்போதே, பிரெஞ்சு கற்கத் தொடங்கச் சொல்லுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சை மொழிப்பாடமாக வைத்திருக்கும் நம் மாவட்டக் கல்லூரிகள், தேர்வுக்கு மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், பேசவும் பழக்க வேண்டும். ஆலோசனை நிலையங்கள் பணம் வாங்கும் முன்பே, அம்மாகாணத்தின் மொழிச் சட்டத்தைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.