புவித்தட்டுப் படமும் அதன் வண்ணங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுமத்ரா அருகே இந்தியப் புவித்தட்டு (பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகை) கீழே அமிழ்வது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் உடன் இருந்த படத்தைப் 'பூமிக்கடியில் எடுத்த புகைப்படம்' என்று குறிப்பிட்டது பிழை. அதைப் பார்த்த என் பேத்தி, சிவப்பெல்லாம் நெருப்புக்குழம்பா, நீலமெல்லாம் கடல்நீரா என்று கேட்டாள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் குவாரிகளில் அனுபவமுள்ளவர்கள் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். முழுக்கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அமுங்கிவிடும். ஆய்வாளர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். அவர்களுக்குச் சுத்தியலாக அமைவது நிலநடுக்கம். அதன் அலைகள் குளிர்ந்த பாறையில் விரைந்தும், சூடான பாறையில் சற்றுத் தாமதித்தும் செல்வதால், பல நிலையங்களில் அவை வந்து சேர்ந்த நேரத்தை எதிர்பார்த்த நேரத்துடன் ஒப்பிட்டு, எங்கே முந்தின, எங்கே பிந்தின என்று கணக்கிட்டே இப்படம் வரையப்படுகிறது. முந்திய இடத்துக்கு நீலமும் பிந்திய இடத்துக்குச் சிவப்பும் இடுவது வழக்கம். வேறுபாடு பெரும்பாலும் சில விழுக்காடுதான். பல கோடி ஆண்டுகள் கடலடியில் குளிர்ந்த தட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இறங்குவதால் அவ்வளவு எளிதில் சூடேறுவதில்லை. ஆகவேதான் அது சாய்ந்த நீலப் பட்டையாகத் தெரிகிறது. சிவப்புப் பகுதியும் பெரும்பாலும் திடப்பாறையே. நிலநடுக்க அலைகளில் ஒரு வகையான, திரவத்தில் செல்லாத எஸ் அலைகள் அதனூடே செல்கின்றன.

கப்பல் ஆய்வைக் கட்டுரை இதனுடன் கலந்துவிட்டது. அது வேறு முறை. 2021இல் வட அமெரிக்காவின் காஸ்கேடியா கரையோரம் 'மார்கஸ் லாங்செத்' என்ற கப்பல், ஒலியைப் பதியும் கருவிகள் கொண்ட 15 கிலோமீட்டர் நீளக் கேபிளை இழுத்துச் சென்று, அழுத்தக் காற்றால் எழுப்பிய ஒலி கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்தது. அங்கே இரு தட்டுகளுக்கு இடையிலான பிளவுப்பரப்பு ஒரே சீராக இல்லை, குறைந்தது நான்கு துண்டங்களாக உள்ளது என்று அதிலிருந்து தெரியவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை இத்தகைய தட்டு எல்லை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் பிளந்ததை அனுபவித்த நமக்கு, பிளவு எங்கே நிற்கும், எங்கே தொடரும் என்பது ஏட்டுக் கேள்வி அல்ல.

படத்தின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டிய வண்ண அளவுகோல் அச்சில் வெட்டப்பட்டிருக்கிறது; ஆழத்தைக் காட்டும் எண்களும் பாதிதான் தெரிகின்றன. பள்ளிகளில் பலர் இப்பக்கத்தைக் கத்தரித்து ஒட்டி வைப்பார்கள் என்பதால், இரண்டையும் சேர்த்து, விளக்க வரியைத் திருத்தி, அடுத்த ஞாயிறு இணைப்பில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கிருஷ்ணகிரி