விளையாட்டு வேளையும் பள்ளி வாசலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது; நம் பள்ளிகள் பலவற்றிலோ, பத்தாம் வகுப்பு வந்துவிட்டாலே விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதும், பெற்றோரே அதை மெச்சுவதும் வழக்கமாகிவிட்டன. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வகுக்கப்பட்டும், மாலை மணி அடித்ததும் எங்கள் பகுதிப் பள்ளி வாசலில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலச் சரங்கள்தான் பிள்ளைகளை வரவேற்கின்றன. சுண்டல் விற்ற பாட்டியை மட்டும் விரட்டத் தெரிந்திருக்கிறது! உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். விளையாட்டு வேளையைப் பிற பாடங்களுக்குத் தரும் தலைமையாசிரியர்களிடம் கல்வித் துறை எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்