அட்டையில ஒரு வரி தமிழ்ல போடுங்க: உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

சாத்தூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். போன மாசம் அம்மா செருப்ப கழுவலாம்னு எடுத்தேன், உள்ள ஒரு குண்டூசி மேல பாத்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. அத போட்டுக்கிட்டுதான் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு போய் வந்திருக்காங்க, எத்தன நாளுன்னு அவங்களுக்கே தெரியல. கால திருப்பி பாத்தா பெருவிரலுக்கு கீழ புண்ணு, சீழ் கோத்து செருப்புலயே ஒட்டியிருக்கு. வலிக்கலயாம்மான்னு கேட்டேன். "வலிச்சிருந்தா பாத்திருக்க மாட்டேனாடி"ன்னாங்க.

பதினோரு வருஷமா சர்க்கரை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், புண்ண கழுவி கட்டு போட்டாங்க, ரெண்டு மூணு மாச சர்க்கரையோட சராசரிய காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் பாத்தா 10.8. போன வருஷம் 7.4 இருந்துச்சு. டாக்டர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மான்னு கேட்டாரு, ஒரு நாள் கூட விட்டதில்ல சார்னு அம்மா சொன்னாங்க. பொய் இல்ல, மனசறிஞ்சு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா பிஸ்கட் டப்பாவுக்குள்ள ஒன்பது அட்டை மெட்பார்மின், சர்க்கரைய எறக்குற மாத்திரை, ஒண்ணு கூட பிரிக்காம கெடக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல அந்தக்கா மாசாமாசம் வீடு தேடி வந்து குடுத்துட்டு போனது.

அப்ப ஒரு நாள் கூட விடாம அம்மா சாப்பிட்டது என்ன? ஆன்டி ஆக்சிடன்ட் கேப்சூல். முப்பது கேப்சூல் 840 ரூபா. டவுன்ல ஒரு கிளினிக்ல எழுதிக்குடுத்தாங்க, சீட்டுல மொத வரியே அதுதான். கீழ மெடிக்கல்ல இருந்த தம்பி "இது ரத்தத்துல இருக்குற விஷத்தெல்லாம் எடுத்துரும்மா, நரம்பு எரிச்சலுக்கும் இதான்"னு சொல்லிருக்கான். ஓசியில வர்ற மாத்திரை கிட்னிய கெடுக்கும்னு பக்கத்து வீட்டுல யாரோ ஏற்கனவே சொல்லி வெச்சிருந்தாங்க. காசு குடுத்து வாங்குற மருந்துதான் பெரிய மருந்துன்னு அம்மா நம்பிட்டாங்க. அந்த 840 ரூபாய்க்காக எத்தன நாள் ஓவர்டைம் பாத்து பெட்டி ஒட்டினாங்கன்னு எனக்கு இப்பதான் தெரியுது.

அந்த அட்டைப்பெட்டிய நான் வெளிச்சத்துல வெச்சு படிச்சேன். பின்பக்கம் கடைசியில, எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ்ல, மருத்துவ உபயோகத்துக்கு இல்லன்னு போட்டிருக்கு. பக்கத்துல இருக்குறது உணவு லைசென்ஸ் நம்பர். அப்ப அது மருந்தே இல்ல, சட்டப்படி அது உணவு. இந்த மாதிரி சத்து கேப்சூலுக்கெல்லாம் நியூட்ராசூட்டிகல் விதின்னு 2016-ல வந்துச்சு, அதுல இந்த வரிய எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடணும்னுதான் இருக்கு. ஆனா லேபிள் இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ இருந்தா போதும், தமிழ் கட்டாயமில்ல. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் படிச்ச எங்கம்மா அத எப்படிங்க படிப்பாங்க?

நான் கேக்குறது இதான்: பெட்டியோட முன்பக்கம், பெரிய எழுத்துல, தமிழ்ல, "இது மருந்து அல்ல, சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக இதைச் சாப்பிடக் கூடாது"ன்னு ஒரு வரி.

ஆன்டி ஆக்சிடன்ட் நல்லதுதானேன்னு நீங்க கேக்கலாம், நானும் அப்படித்தான் நெனச்சேன், அதுக்கப்புறம் உக்காந்து படிச்சேன். எங்க ஊர்ல தீக்குச்சி தலைல இருக்குறத மருந்துன்னுதான் சொல்லுவோம். அதுல ஆக்சிஜன் குடுக்குற பொட்டாசியம் குளோரேட் இருக்கும், பெட்டி ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும், ரெண்டும் தனித்தனியா இருக்குற வரைக்கும் பயமில்ல. ஒடம்பும் அப்படித்தான். சாப்பிடுற சாப்பாட்ட ஆக்சிஜன் வெச்சு எரிக்கிற வேலைய செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாங்கிற ஒரு எடத்துல ஒதுக்கி வெச்சிருக்கு. எரிக்கிறப்ப கொஞ்சம் எலக்ட்ரான் ஒழுகி ஆக்சிஜனோட சேந்து சூப்பராக்சைடா மாறும், அத அணைக்க ஒடம்பே ஒரு என்சைம் வெச்சிருக்கு, 1969-லயே மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அத கண்டுபுடிச்சுட்டாங்க. அணைக்கிறத விட ஒழுகுறது அதிகமானா செல்லு பாதிக்கும், அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அத அணைக்கிற பொருளத்தான் ஆன்டி ஆக்சிடன்ட்டுன்னு சொல்றாங்க.

ரத்தத்துல சர்க்கரை ஏறுனா பல செல்லு கதவ கொஞ்சம் சாத்திக்கும். கண்ணு, கிட்னி, நரம்பு, ரத்தக்குழாயோட உள்சுவரு, இந்த எடத்து செல்லுங்களுக்கு அப்படி சாத்தத் தெரியாது, வெளிய எவ்வளவு இருக்கோ அவ்வளவும் உள்ள போகும். அவ்வளவையும் எரிக்கப் போயி சூப்பராக்சைடு பெருகுது, அதுதான் பாதிப்பு தொடங்குற எடம்னு பிரௌன்லீங்கிற ஆராய்ச்சியாளர் 2001-ல எழுதுனாரு. அம்மாவோட கால் மரத்துப் போனதும் இதே வழியிலதான். அப்ப அந்தக் கேப்சூல் கம்பெனிக்காரங்க சொல்ற வார்த்தை பொய் இல்ல, ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் நெசமாவே இருக்கு. ஆனா குழாயத் தொறந்து விட்டுட்டு தரையத் தொடச்சா தண்ணி நிக்குமா? சர்க்கரைய எறக்கணும். அத எறக்குற மாத்திரைதான் பிஸ்கட் டப்பாவுல கெடந்துச்சு.

பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்ணி பாத்துட்டாங்க. 2000-ல வந்த ஹோப் ஆய்வு, ஒன்பதாயிரத்து சொச்சம் பேரு, அதுல சர்க்கரைக்காரங்களும் நிறைய பேரு, நாலரை வருஷம் வைட்டமின் இ குடுத்தும், அதுவும் ஆன்டி ஆக்சிடன்ட்தான், மாரடைப்பு கொறையல. பின்லாந்துல 1994-ல 29,133 புகைபிடிக்கிறவங்கள வெச்சு பாத்ததுல பீட்டா கரோட்டின்ங்கிற இன்னொரு ஆன்டி ஆக்சிடன்ட் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புத்துநோய் 18 சதவீதம் கூடிச்சு. ஜெர்மனியில 2009-ல எக்சர்சைஸ் பண்ணுனவங்களுக்கு வைட்டமின் சி, இ ரெண்டும் குடுத்தாங்க, எக்சர்சைஸால இன்சுலின் நல்லா வேலை செய்யணும்ல, அந்தப் பலனே வராம போச்சு. ஏன்னா அந்த கொஞ்ச ஒழுகல வெச்சுத்தான் ஒடம்பே தன்ன பலப்படுத்திக்குது. இன்னொரு பக்கம் பிரிட்டன்ல 1998-ல வெளிவந்த யூகேபிடிஎஸ்ங்கிற சர்க்கரை ஆய்வுல, வழக்கமான வைத்தியத்துல ஹெச்பிஏ1சி 7.9 இருந்தவங்கள விட, மாத்திரையும் இன்சுலினும் வெச்சு 7.0-ல வெச்சிருந்தவங்களுக்கு கண்ணு கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு 25 சதவீதம் கொறஞ்சிருக்கு. மெட்பார்மின் வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு வைட்டமின் பி12 கொறையலாம், அத டெஸ்ட் பண்ணி குடுக்குறது நியாயம், அத நான் கொறை சொல்லல.

2023-ல வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வுப்படி நாட்டுல சர்க்கரைக்காரங்க 10 கோடிக்கு மேல, தமிழ்நாட்டுல வயசு வந்தவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல. இத்தன பேரு பயந்து போய் கெடக்குற ஊர்ல அந்தப் பயத்த வெச்சு விக்கிறாங்க, டிவியத் தொறந்தா பொடி, லேகியம், ஜூஸு, ஆறு மாசத்துல சர்க்கரைய அடியோட ஒழிக்கிறோம்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே பேசுறாரு. சர்க்கரைய குணமாக்குறோம்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954-லயே சட்டம் போட்டாச்சு. எழுபது வருஷமாச்சுங்க. எத்தன பேரு மேல கேஸ் போட்டீங்க, எத்தன கடைய போய் பாத்தீங்க? கால எடுத்துட்டு வீட்டுல உக்காந்திருக்குறவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேரு, அவங்க வீட்டு அலமாரியில என்னென்ன டப்பா இருக்குன்னு ஒரு நாள் வந்து பாருங்க.

மன்னிக்கணும், கோவத்துல எழுதிட்டேன். உங்கள்லயும் ராத்திரி பகலா வேலை பாக்குறவங்க இருப்பீங்க, ஆளு பத்தாதுங்கிறதும் புரியுது. கேப்சூல தடை பண்ணுங்கன்னு நான் கேக்கல. காசு இருக்குறவங்க, தெரிஞ்சு சாப்பிடுறவங்க சாப்பிடட்டும். மருந்து கூடவே ஒரே சீட்டுல, ஒரே கவர்ல போட்டு குடுக்குறப்ப இது மருந்து இல்லன்னு வாங்குறவங்களுக்கு தெரியணும், அவ்வளவுதான். முன்பக்கம், பெரிய எழுத்து, தமிழ். சிகரெட் பெட்டிக்கு படமே போட முடியுதுல்ல, இதுக்கு ஒரு வரி போட முடியாதா?

அம்மா இப்ப மெட்பார்மின் சாப்பிடுறாங்க, புண்ணு காய்ஞ்சுக்கிட்டு வருது, விரல எடுக்க வேண்டியிருக்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. தெனம் ராத்திரி நான் டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பாக்குறேன், செருப்ப தட்டிட்டுத்தான் போட விடுறேன்.

தயவுசெஞ்சு அந்த ஒரு வரிக்கு உத்தரவு போடுங்க. அந்தப் பெட்டி, சீட்டு, மெடிக்கல் பில்லு எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன், எந்த ஆபீஸுக்கு கூப்பிட்டாலும் ஒரு நாள் லீவு போட்டு எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
சாத்தூர் பக்கத்துல இருந்து ஒரு மகள்