பீரோவின் மேல்தட்டில் ஒரு வரலாறு

புதுச்சேரி அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் அலுவலக அறையில் பீரோவின் மேலும் பரணிலும் கிடக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இந்தக் கோடை விடுமுறையில் கீழே இறக்குங்கள். அவற்றைப் படித்து உங்கள் பள்ளியின் வரலாற்றை எழுதுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று, பெயர் வேண்டாம், 2011 டிசம்பரில் 'தானே' புயலில் ஓடுகளை இழந்தது. நான் போனபோது நனைந்த பதிவேடுகள் தாழ்வாரத்தில் குவிந்து கிடந்தன. விரித்து நிழலில் உலர்த்தியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். மறுநாள் எல்லாமே பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. நான் புரட்டிப் பார்த்தது ஒரே ஒரு பக்கம். மாணவன் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் இருந்தன. தகப்பனாரின் தொழில் என்ற கட்டத்தில் 'திஸ்ரான்' என்று மேலிருந்து கீழாக ஏழெட்டு முறை எழுதியிருந்தது. நெசவாளர் என்று பொருள். ஒரு தெருவே சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஆண்டு அது என்று நினைக்கிறேன். அந்தத் தாளையாவது கையோடு எடுத்து வராமல் போனேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

நம் ஊரில் பள்ளி வரலாறு என்றால் கல்வெட்டில் உள்ள ஆண்டு, கொடையாளர் பெயர், புகழ்பெற்ற ஒரு மாணவர், இந்த மூன்றோடு முடித்துவிடுகிறோம். மிஷன் வீதியில் நிற்கும் கல்வே கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877இல் தொடங்கியது, கல்வே சுப்பராயச் செட்டியார் பெயரோடு சேர்ந்தது, பாவேந்தர் பாரதிதாசன் படித்தது, இன்று அரசு மேல்நிலைப்பள்ளி என்ற அளவில் பலரும் சொல்வார்கள். பள்ளிக்கு ஏன் கல்லூரி என்று பெயர் என்று மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் 'கொலேழ்' என்பது இடைநிலைப் பள்ளியைக் குறிக்கும் சொல். அந்த ஒரு சொல்லிலேயே ஒரு கல்வி முறை இருக்கிறது.

பின்னாளில் பாரதிதாசனான கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1946 வரை பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளில்தான் வேலை பார்த்தார். கவிஞரை நாடறியும். முப்பத்தேழு ஆண்டுகள் அவர் முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யார்? அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று உங்கள் பள்ளிகளிலேயே படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு அது தெரியாது.

1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு மாலை போடுகிறோம். அந்த ஆகஸ்டில் முதலியார்பேட்டைப் பக்கத்தில் எத்தனை பையன்கள் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்று யாராவது பார்த்திருக்கிறோமா? பள்ளியை விட்டு நீங்கிய தேதியைக் குறித்துவைத்த பதிவேடு ஒன்று கிடைத்தால் போதும், இதற்கு விடை சொல்லிவிடலாம்.

கீழூரில் 1954 அக்டோபரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பியதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1 ஒரு திங்கட்கிழமை. அந்த வாரம் வகுப்பில் எந்த மொழியில் பெயர் கூப்பிட்டார்கள்? 'பிரெவே' என்ற பிரெஞ்சு இடைநிலைப் பள்ளித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பாடப்புத்தகத்தில் இது கிடையாது. எனக்கு இதுதான் வரலாறாகப் படுகிறது.

பிரெஞ்சுத் தேர்வுகள் போய்த் தமிழ்நாட்டின் எஸ்.எஸ்.எல்.சி.யும் பிளஸ் டூவும் வந்தன. இப்போது சி.பி.எஸ்.இ. வந்திருக்கிறது. பாடத்திட்டம் மாறும்போது முந்தைய காலத்துத் தாள்கள் வேண்டாதவையாகத் தெரிவது இயல்பு. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே கண்கலங்கியது. பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். படங்களும் அளவுகளும் இருந்ததால் அது முடிந்தது. கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேட்டை எந்தப் பொறியாளரும் கட்டித்தர முடியாது.

உங்களுக்கு எத்தனை வேலைகள் என்பது எனக்குத் தெரியும். சத்துணவு, இலவச சைக்கிள், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் பணி என்று எதுவும் ஓய்வதில்லை. ஆகையால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு மேசை, காற்றோட்டமான ஓர் அறை, பதிவேட்டைப் பொறுப்போடு எடுத்துத் தரும் ஓர் ஊழியர் இருந்தால் போதும். பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிரெஞ்சு எழுத்தைப் படிக்க நம் ஊரில் ஆள் தேட வேண்டாம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள். ஆனால் அவர்களுக்கு வயதாகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும். படிப்பை நிறுத்தியதற்கான காரணங்களில் வீட்டுத் துயரங்களும் இருக்கும். எண்ணிக்கை எடுக்கலாம், எழுதலாம். ஆனால் பெயரோடு சேர்த்து வெளியிட வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களை அவர்களைக் கேட்காமல் திறக்கவும் வேண்டாம்.

மே முதல் வாரத்திலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. பாகூரோ திருக்கனூரோ, எந்தப் பள்ளி அழைத்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன். வெள்ளைக் கையுறையும் மெல்லிய தூரிகையும் கொண்டுவருகிறேன். பீரோவின் சாவியை மட்டும் தேடி வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி