சிறையில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களை விடுவிக்க உதவக் கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி மாணவர்களின் பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: ஆர்ப்பாட்டம் செய்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட ஆசிரியர்கள் – வழக்கையும் பணி இடைநீக்கத்தையும் திரும்பப் பெறப் பரிந்துரைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி ஈராசிரியர் பள்ளி. அந்த இரண்டு பேருமே, சாரும் டீச்சரும், இப்போது சிறையில் இருக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு விடுமுறை நாளில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதுதான் அவர்கள் செய்தது. பள்ளி நாள் ஒன்றைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை.

அவர்கள் கேட்டதில் தப்பு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. 31.5.2009 வரை பணியில் சேர்ந்த, தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு அப்போது நிர்ணயித்த அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. படிப்பு, வகுப்பு, வேலை எல்லாம் ஒன்று. இதைக் கேட்க வேறு எங்கே போவார்கள்?

அன்று ஜங்ஷனில் பஸ் மாறிய எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். ரோட்டை விட்டு ஒதுங்கி, பதாகையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். வழக்கமாக இப்படிப்பட்டவர்களை ஒரு மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இந்த முறை போக்குவரத்துக்கு இடையூறு, அரசுப் பணிக்குத் தடை என்று வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்ததால் பணி இடைநீக்கமும் வந்துவிட்டது.

வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், எந்த ஆர்ப்பாட்டமுமே கூடாது என்ற பீகார் அரசின் விதியை அதே நீதிமன்றம்தான் செல்லாது என்றது. இவர்கள் செய்தது வேலைநிறுத்தமும் இல்லை. 2019-இல் பல நாள் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளையே அரசு பிறகு கைவிட்டதே!

நாங்கள் பெரும்பாலும் பீடி சுற்றிப் பிழைப்பவர்கள். பிள்ளைகளுக்கான பீடித் தொழிலாளர் கல்வி உதவித்தொகைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் விண்ணப்பிக்கத் தெரியாது. பள்ளி விட்ட பிறகு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ஆதார், வங்கிப் புத்தகம், பீடி அடையாள அட்டை மூன்றையும் சரிபார்த்து, தன் போனிலேயே ஏற்றித் தருவது டீச்சர்தான். ஓடிபி வராவிட்டால் மறுநாளும் உட்காருவார். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய பிள்ளைகளைச் சார் தனியாக வைத்துப் படிக்க வைத்தார். இப்போது மாற்றுப் பணியில் வருகிற ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறார். பாவம், அவரைக் குறை சொல்லவில்லை.

ஆகவே, ஜாமீன் மனு வரும்போது அரசுத் தரப்பில் எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருக்கவும், வழக்கைத் திரும்பப் பெற அரசுக்குப் பரிந்துரைக்கவும், இடைநீக்கத்தை ரத்து செய்து இருவரையும் இதே பள்ளியில் பணியமர்த்தவும் வேண்டுகிறோம். அதுவரை இன்னொரு ஆசிரியரையாவது உடனே அனுப்ப வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால், அன்று பார்த்த பெண்கள் நேரில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்