மூலைக்கல் இரண்டடி உள்ளே

அன்புள்ள முத்துவுக்கு,

ஆத்தா எழுதுவது. கடைக்கால் தோண்ட நாள் குறித்த பிறகு கொத்தனாரை ஏன் நிறுத்தினீர்கள் என்று போனில் கோபப்பட்டாய். அவசரத்தில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி மனை பத்திரத்தில் 40க்கு 60, அதாவது 2,400 சதுர அடி. பட்டாவில் 2.23 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஆக இரண்டும் ஒன்றுதான். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. "நாலு மூலையிலயும் கல் இருக்கே ஆச்சி, நூல் கட்டினாப் போதும்" என்றார் கொத்தனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

முதலில் வந்த சர்வேயர் டேப்பை எடுத்து, பக்கத்து மதில் சுவரிலிருந்து அளக்க ஆரம்பித்தார். அந்தச் சுவர் சரியான இடத்தில் இருக்கிறது என்று யார் சொன்னது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாமவர் வருவதற்கு முன்பே பத்திர நகல், பட்டா, எஃப்எம்பி என்கிற அரசாங்கப் புல அளவு வரைபடம், நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) ஒப்புதல் வாங்கிய மனைப்பிரிவு வரைபடம் எல்லாவற்றையும் கேட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனைக்கு வந்தவர் நம் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்த பையனைக் கடப்பாரையோடு சீமைக்கருவேல் புதருக்குள் அனுப்பி, அந்தப் புலத்தின் பழைய சர்வே கல்லைத் தேடச் சொன்னார். முள் கீறி, சட்டை கிழிந்து, ஒரு முழம் தோண்டியதும் 'ணங்' என்று சத்தம். அங்கிருந்துதான் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை வைத்து அளந்து வந்தார்.

எனக்குப் புரியட்டும் என்று கடைசியில் டேப்பாலும் காட்டினார். 40க்கு 60 மனையில் நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் மூலைக்கு மூலை 72 அடி 1 அங்குலம் வர வேண்டுமாம். ஒரு பக்கம் வந்தது. மறுபக்கம் 70 அடி ஐந்தரை அங்குலம்! பின்பக்க இடது மூலைக்கல் இரண்டடி உள்ளே தள்ளி நிற்கிறது. புதர் அழித்த ஜேசிபி தட்டியிருக்கலாம், யார் கண்டது. கணக்குக்கு 40 சதுர அடி போகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடத்தை எல்லையிலிருந்துதான் கணக்கிடுவார்கள். கல் தப்பென்றால் பிளானே தப்பு.

பள்ளத்தூர் வீட்டில் இந்தக் கவலையே இல்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அங்கே எல்லைத் தகராறு வர வழியில்லை, பங்காளித் தகராறு மட்டும்தான்.

தரைமட்டமும் பார்க்கச் சொன்னேன். மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். மழைத் தண்ணீர் பின்பக்கமாகத்தான் ஊரணிக்கு ஓடுகிறது. அந்த வழியை அடைக்காமல் மண் அடிக்க வேண்டும், இதை உன் எஞ்சினியரிடம் சொல்.

அளவுகள் போட்டு, கையெழுத்தும் தேதியும் வைத்த வரைபடம் வாங்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வரும். ஒன்று நினைவு வைத்துக்கொள்: தனியார் அளந்தது நம் தெளிவுக்குத்தான். பின்மனைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரசு சர்வேயருக்கு மனுப் போட வேண்டும். அவர் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்து அளந்து கல் நடுவார். நல்லவேளை, பின்மனைக்காரர் தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே கல்லை மாற்றி நட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாயிற்று.

வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆத்தா