ஓய்வூதியக்காரன் ஒருவனின் விண்ணப்பம்

ஆசிரியர் அவர்கட்கு,

பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் அமரும் செய்தி வரும்போதெல்லாம் என் தகப்பனாரின் நினைவு வருகிறது. இலங்கையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறர் வயலைச் செய்துவந்த அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியே, மண்முனைத்துறையில் தோணியேறிப் பள்ளிக்கூடம் போன என்னை ஆசிரியராக்கியது. அரசு எனக்குப் படிப்பை மட்டும் தரவில்லை. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பெருகப் பெருக, படித்தவன் அமர்வதற்கான கதிரையையும் அதுவே போட்டுத் தந்தது.

என் மகளின் காலத்தில் படிப்பு இருக்கிறது, கதிரை இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அவள், சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையிலிட்டு நான்கு வருடமாக நேர்முகப் பரீட்சைகளுக்குக் கொண்டு திரிகிறாள். உறையின் விளிம்பு மஞ்சளாகிவிட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச நியமனங்கள் சுருங்கிவிட்டன. அதே ஆண்டில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டு, மீண்டும் 60க்குக் குறைக்கப்பட்டபோது, மூத்தவர்கள் எழும்பாமல் இளையவர்கள் அமர முடியாத நிலை வெளிச்சமாயிற்று. என் ஓய்வூதியமும் இளையவர்கள் செலுத்தும் வரியிலிருந்தே வருகிறது என்பதை நான் மறக்கவில்லை.

ஆயினும் இதைக் காட்டி அரசின் மக்கள் நலன்புரிச் செலவை வெட்டச் சொல்பவர்களோடு நான் உடன்படேன். எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியைகள் சொற்பக் கொடுப்பனவுக்கே உழைக்கிறார்கள். தனித்திருக்கும் முதியோரைப் பார்க்க ஆளில்லை. இவ்வேலைகளை முறையான சம்பளத்துடன் நிரந்தர உத்தியோகங்களாக்கி, மாவட்டத்துப் பட்டதாரிகளுக்கு உரிய பயிற்சியளித்து அமர்த்துமாறு மாகாண நிர்வாகத்தையும் மத்திய அரசையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொக்கட்டிச்சோலை.